வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

அந்தமானில் குடியிருப்பவர்களுக்கு ஊர் சுற்றுவது என்பது கொஞ்சம் தலைகீழ் சமாச்சாரம். ஊர் உலகமெல்லாம் கடலையும் தீவையும் தேடி இங்கே வருகிறது. நாங்களோ கடலைத் தாண்டி நகரத்தைத் தேடிப் போகிறோம். சௌல்தாரியில் இருப்பவருக்கு நாலு நாள் லீவு கிடைத்தால் மனசு கேட்பது கடற்கரையை அல்ல. காலாற நடக்க ஒரு நேரான தெரு, இரண்டு பக்கமும் பழைய கட்டடங்கள், நல்ல காபி, ஒரு புத்தகக் கடை, அவ்வளவுதான். சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம். (கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள், லீவு கப்பலிலேயே முடிந்துவிடும்.) அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர் போனால் புதுச்சேரி.

அந்தப் பக்கத்து ஆள் என்பதால் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பாண்டியில எங்க தங்கலாம்? நல்ல ஸ்டைலா, சின்னதா, பழைய வீடு மாதிரி இருக்கணும்." போனில் இரண்டு படமும் காட்டுவார்கள். ஒன்றில் வெள்ளைத் தூண், உயரமான ஜன்னல், காகிதப்பூக் கொடி. இன்னொன்றில் முற்றம், மரத்தூண், ஆத்தங்குடித் தரை. இரண்டும் பூட்டீக் ஓட்டல்தான். வாடகையும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது?

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? கேட்டவர் முழிப்பார். ஆனால் அந்தக் கேள்விக்குள் முந்நூறு வருஷக் கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த வார்த்தை

நம்ம ஊரில் 'ஓட்டல்' என்றால் சாப்பிடுகிற இடம். தூங்குவதற்கு 'லாட்ஜ்'. அதற்கும் முன்னால் சத்திரம், அது தர்மத்துக்கு. பிரெஞ்சில் 'ஒத்தேல்' என்ற சொல்லுக்கு தங்கும் விடுதி என்பது மட்டும் பொருள் அல்ல. நகரத்துப் பணக்காரரின் தனி மாளிகைக்கும் அதே பெயர்தான். நகரசபைக் கட்டடத்துக்குக்கூட 'ஒத்தேல் தெ வில்' என்றுதான் பெயர். ஆக, புதுச்சேரியில் ஒரு பழைய மாளிகை ஓட்டலாக மாறுகிறபோது, வார்த்தை தன் பழைய வீட்டுக்கே திரும்பிப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

'பூட்டீக்' ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில். 1978ல் லண்டனில் அனூஸ்கா ஹெம்பல் திறந்த 'பிளேக்ஸ்', 1981ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பில் கிம்ப்டன் திறந்த 'பெட்ஃபோர்ட்', 1984ல் நியூயார்க்கில் வந்த 'மார்கன்ஸ்', இந்த மூன்றையும்தான் ஆரம்பமாகச் சொல்வார்கள். மார்கன்ஸை நடத்திய இயன் ஷ்ரேகர், ஸ்டீவ் ரூபெல் இருவரும் அதற்கு முன் 'ஸ்டுடியோ 54' என்ற நடன விடுதி நடத்தி, வரி ஏய்ப்புக்காக 1980ல் சிறைக்குப் போனவர்கள். (கடன் விண்ணப்பத்தோடு இப்படி இரண்டு பேர் வந்தால் எந்த பிராஞ்ச் மேனேஜர் கையெழுத்துப் போடுவார், சொல்லுங்கள் :-) ) மற்ற ஓட்டலெல்லாம் எல்லாச் சரக்கும் விற்கும் பெரிய கடை, நம்முடையது தேர்ந்தெடுத்த சரக்கு மட்டும் வைக்கும் சின்னக் கடை என்று ரூபெல் சொன்ன ஒப்புமையால்தான் பெயர் நிலைத்தது என்பார்கள்.

இந்தியாவில் கதை வேறு வழியில் வந்தது. இங்கே புதிதாக அலங்கரிக்கத் தேவையே இருக்கவில்லை. பழசே ஏராளமாகக் கிடந்தது, பராமரிக்கக் காசுதான் இல்லை. ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957ல் ஓட்டலானது. உதய்ப்பூரின் ஏரி அரண்மனை 1963ல். 1971ல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்ட பிறகு, கூரை ஒழுகுவதைச் சரிசெய்ய அரண்மனைக்காரர்களுக்கு இருந்த வழிகளில் முக்கியமானது இதுதான். ஆனால் அரண்மனைகள் எண்ணிக்கையில் கொஞ்சம். நடுத்தர அளவுள்ள பழைய வீடுகளையும் கோட்டைகளையும் இந்த வழியில் காப்பாற்றலாம் என்று செய்து காட்டியவர்கள் அமன் நாத், பிரான்சிஸ் வாசியார்க் என்ற இருவர். ராஜஸ்தானில் இடிந்து கிடந்த நீம்ரானா கோட்டையை 1986ல் வாங்கி, 1991ல் பன்னிரண்டு அறைகளோடு திறந்தார்கள்.

அந்த நீம்ரானா நிறுவனம்தான் 2000ல் புதுச்சேரி ரொமேன் ரோலான் தெருவில் 'ஒத்தேல் தெ லோரியான்' என்ற ஓட்டலைத் திறந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கல்வித் துறை அலுவலகமாக இருந்த கட்டடம் அது. பாண்டியின் பூட்டீக் ஓட்டல் வரலாற்றுக்கு அதைப் பிள்ளையார் சுழி என்று சொல்லலாம். கட்டடம் இருப்பது வாய்க்காலுக்குக் கிழக்கே.

வாய்க்கால் வந்த கதை

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் காலூன்றியது 1674ல். 1693ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். ஆறே வருஷம்தான் வைத்திருந்தார்கள், ஆனால் உட்கார்ந்து ஊருக்கு ஒரு வரைபடம் போட்டார்கள். சதுரங்கக் கட்டம் மாதிரி நேர்த்தெருக்கள். 1699ல் ஊர் திரும்பக் கைக்கு வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கட்டத்தையே தொடர்ந்தார்கள். இன்று பாண்டியின் நேரான தெருக்களைப் பார்த்து 'என்ன இருந்தாலும் பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரன்தான்' என்று புகழும்போது, பாதிப் புகழ் டச்சுக்காரனுக்குப் போக வேண்டியது.

ஊரை வடக்கு தெற்காகக் கிழிக்கும் பெரிய வாய்க்கால்தான் எல்லை. கடல் பக்கம் ஐரோப்பியர், அது வெள்ளை நகரம். மேற்கே தமிழர், அது கறுப்பு நகரம். நான் வைத்த பெயர் அல்ல, பிரெஞ்சு வரைபடங்களிலேயே அப்படித்தான். மேற்கே தெருக்கள் தொழிலையும் சாதியையும் ஒட்டிப் பிரிந்தன. வைசியாள் தெரு, செட்டித் தெரு, கோமுட்டித் தெரு, வெள்ளாளர் தெரு என்று பெயர்களே சொல்லும். தெற்கே காஜியார் தெரு, முல்லா வீதி என்று முஸ்லிம் பகுதி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளை நகரத்தையும் தரைமட்டமாக்கினார்கள். டூப்ளெக்ஸ் கட்டிய கவர்னர் மாளிகையும் போயிற்று. 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஊர் திரும்பக் கிடைத்தது. 1765 முதல் லா தெ லொரிஸ்தோன் தலைமையில் பழைய தெருக் கோட்டின் மேலேயே மறுபடி கட்டினார்கள். அதற்குப் பிறகும் ஆங்கிலேயர்கள் மூன்று தடவை பிடித்தார்கள். கடைசியாகப் பிரான்ஸ் கைக்கு வந்தது 1816ல். ஆகவே வெள்ளை நகரத்தில் நாம் படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர்களெல்லாம் அந்த இடிபாட்டுக்குப் பிறகு வந்தவை. டூப்ளெக்ஸ் நடந்த வராந்தா என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். அவர் 1754லேயே கப்பலேறிவிட்டார்.

சரி, டூப்ளெக்ஸ் காலத்து வீடு எதுவுமே மிச்சமில்லையா? இருக்கிறது. ஆனால் வாய்க்காலுக்கு மேற்கே! டூப்ளெக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, 1738ல் கட்டியதாகச் சொல்வார்கள். கீழ்த்தளம் தமிழ் வீடு, மரத்தூண்களோடு முற்றம். மேல்தளம் பிரெஞ்சுப் பாணி, செங்கல் சுண்ணாம்புத் தூண்கள். ஒரே வீட்டில் இரண்டு நகரமும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். 1736லிருந்து நாட்குறிப்பு எழுதிய அந்த மனிதர், ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன்னால், 1761 ஜனவரி 12ல் காலமானார். தன் ஊர் இடிபடுவதைப் பார்க்காமல் போனார். வீடு நிற்கிறது. 'பழைய பாண்டி' என்று எல்லோரும் தேடிப்போவது கிழக்கே, அதைவிடப் பழையது நிற்பது மேற்கே. இதைத் தெரிந்துகொண்டாலே அறை தேடுவதில் பாதி வேலை முடிந்தது.

இரண்டு வீடுகள்

கிழக்கே உள்ள வீடு தெருவுக்கு முதுகு காட்டும். உயரமான மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம், அதற்கப்புறம் தூண் வைத்த முகப்பு. உயரமான கூரை, சட்டம் வைத்த மரக்கதவு ஜன்னல்கள். வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

மேற்கே உள்ள வீடு தெருவுக்கு முகம் காட்டும். முதலில் தாழ்வாரம். மரத்தூண் வைத்து ஓடு வேய்ந்து, தெருவோடு நீளும் நிழல். அது வீட்டுக்காரருக்கு அல்ல, வழிப்போக்கனுக்கு. பிறகு திண்ணை, தெரிந்தவருக்கு. பிறகு நிலைக்கதவு, ரேழி, முற்றம், அது உறவுக்காரருக்கு. அதற்கும் பின்னால் சமையலறை, கிணறு. யார் யார் எதுவரை வரலாம் என்பதைச் சொல்லாமல் சொல்லும் கட்டடம். (யார் திண்ணையோடு நிறுத்தப்பட்டார்கள் என்பதும் இதே கணக்கில்தான் வருகிறது. அதை மறந்துவிட்டு முற்றத்து அழகை மட்டும் பேசுவது நியாயமில்லை.)

ஓட்டலாக மாறும்போது கிழக்கு வீடு அதிகம் கஷ்டப்படுவதில்லை. பெரிய அறைகள், கதவடைத்தால் தனிமை. ஓட்டலுக்கு வேண்டியதும் அதுதானே. மேற்கு வீடு அப்படி அல்ல. தமிழ் வீட்டில் 'என் அறை' என்று ஒன்று கிடையாது. கூடத்தில் படுப்போம், முற்றத்தைச் சுற்றி வாழ்வோம். அதில் பத்து அறை, பத்துக் குளியலறை, ஏ.சி. எல்லாம் நுழைக்க வேண்டும். பெருமாள் கோயில் தெருவில் சி.ஜி.எச். எர்த் நிறுவனம் நடத்தும் 'மேசோன் பெருமாள்' இப்படிப் பழைய வீட்டைப் பத்து அறை ஓட்டலாக்கியதற்கு நல்ல உதாரணம். முற்றம் முற்றமாகவே இருக்கிறது.

கணக்குப் புத்தகத்தில் சுழி

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். பி.காம். படித்தவன் கட்டடக்கலை பேசினால் எவ்வளவு நேரம் தாங்கும்!

பழைய வீட்டை அடமானமாகக் கொண்டுவந்தால் மதிப்பீட்டாளர் அறிக்கையில் இரண்டு வரி இருக்கும். மனையின் மதிப்பு, கட்டடத்தின் மதிப்பு. மனை லட்சக்கணக்கில் ஓடும். கட்டடத்துக்கு வயசு போட்டு, தேய்மானம் கழித்து, ஆயுள் முடிந்தது என்று எழுதி, கதவு, உத்திரம், பழைய செங்கல் எல்லாம் பிரித்து விற்றால் கிடைக்கும் விலையை மட்டும் போடுவார்கள். தேக்கு உத்திரம், மெட்ராஸ் டெரஸ் கூரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த கண்ணாடி மாதிரிச் சுண்ணாம்புப் பூச்சு, இதெல்லாம் சேர்ந்து கணக்கில் ஏறக்குறைய சுழி. யாருடைய தப்பும் இல்லை, முறை அப்படி. ஆனால் அதன் விளைவு என்ன? அதே மனையில் பழசை இடித்துவிட்டு நாலு மாடி கட்டுகிறேன் என்றால் கடன் எளிது. அதே வீட்டைச் சுண்ணாம்பு போட்டுச் செப்பனிடுகிறேன் என்றால் கேட்ட தொகைக்குக் கணக்கு உதைக்கும்.

இதோடு வாரிசுக் கணக்கையும் சேருங்கள். ஒரு செட்டியார் கட்டிய வீடு மூன்றாம் தலைமுறையில் பதினைந்து பேர் பெயரில் இருக்கும். புதுச்சேரிக்கு இன்னொரு சிக்கல் கூடுதல். 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா' குடும்பங்கள் இதில் நிறைய. பலர் பிரான்சுக்கே போனார்கள். பதினைந்து வாரிசில் ஆறு பேர் கடல் கடந்து இருந்தால் ஓடு மாற்றக்கூட ஒருவர் கையெழுத்து போதாது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே தீர்மானம் விற்பனை. வாங்குபவர் வீட்டையா வாங்குகிறார்? மனையை வாங்குகிறார்.

கிழக்கே இந்தச் சங்கடம் குறைவு. அங்கே சொந்தக்காரர்களில் முக்கால்வாசி ஆள் இல்லை, அமைப்பு. அரசாங்கம், பிரெஞ்சுத் தூதரகம், 1955ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம், மாதா கோயில்கள், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம். 1910ல் அரவிந்தர் வந்து, 1926ல் ஆசிரமம் உருவாகி, காலப்போக்கில் வெள்ளை நகரத்து வீடுகள் பலவும் ஆசிரமத்தின் கைக்கு வந்தன. இன்றும் சாம்பல் வெள்ளை நிறச் சுவர்களைப் பார்த்தாலே ஆசிரமக் கட்டடம் என்று அடையாளம் சொல்லலாம். அமைப்புக்குச் சாவு இல்லை, பாகப்பிரிவினை இல்லை, மகள் கல்யாணச் செலவு இல்லை. ஆகவே வீடு நின்றது. வெள்ளை நகரம் தப்பியதும் தமிழ்ப் பகுதி உதிர்ந்ததும் ரசனை வித்தியாசத்தால் அல்ல. பட்டாவில் யார் பெயர் இருந்தது என்பதால்.

அமைப்பு என்றால் எல்லாம் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். கடற்கரையில் இருந்த 19ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம், அதாவது அந்த 'ஒத்தேல் தெ வில்', 2014 நவம்பர் 29ல் மழையில் அப்படியே சரிந்து விழுந்தது. சொந்தக்காரர் அரசாங்கம்தான். அதே வடிவத்தில் மறுபடி கட்டி 2021ல் திறந்தார்கள். இன்று படத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் அது இப்போது 21ஆம் நூற்றாண்டுக் கட்டடம்.

ராஸ் தீவும் பாண்டியும்

இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) படகில் கொஞ்ச தூரம் போனால் ராஸ் தீவு. 2018லிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 1858லிருந்து ஆங்கிலேயர்களின் தலைமையிடம். கமிஷனர் பங்களா, நடன மண்டபம், ரொட்டிச் சூளை, மாதா கோயில் எல்லாம் இருந்தது. 1941 ஜூன் 26ல் பெரிய பூகம்பம். 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். அதற்குப் பிறகு பழையபடி அங்கே குடித்தனம் திரும்பவே இல்லை. இன்று போனால் ஆலும் அரசும் சுவரைக் கட்டிப்பிடித்து நிற்கின்றன. சில இடங்களில் சுவர் மரத்தைத் தாங்குகிறதா, மரம் சுவரைத் தாங்குகிறதா என்று சொல்ல முடியாது.

அதே வங்கக் கடல், அதே உப்புக்காற்று, அதே மாதிரிச் செங்கல்லும் சுண்ணாம்பும். பாண்டியில் வீடு நிற்கிறது, ராஸில் வேர் நிற்கிறது. பூகம்பத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு வித்தியாசம் மிஞ்சும். பாண்டியில் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் யாரோ ஒருவர் ஏறி ஓடு மாற்றினார், முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினார். ஆள் இருந்தால்தான் அது நடக்கும். ஆள் இருக்க வேண்டுமென்றால் வருமானம் வேண்டும்.

இந்த இடத்தில்தான் பூட்டீக் ஓட்டல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனை விலையால் பார்த்தால் சுழியாக இருந்த கட்டடம், அறை வாடகையால் பார்த்தால் திடீரென்று சொத்தாகிறது. அதே மதிப்பீட்டாளர் இப்போது வருமான அடிப்படையில் வேறு தொகை எழுதுவார். இடித்தால் போய்விடும் வருமானம் என்று வந்துவிட்டால், இடிக்க யாருக்கும் மனசு வராது.

வைசியாள் தெருவில் இதை ஒரு தெரு அளவில் செய்து பார்த்தார்கள். அதிகாரப்பூர்வமாக கால்வே சுப்பராயச் செட்டியார் தெரு. ஐரோப்பிய யூனியனின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் ஊர்பினோ, பிரான்சின் வில்நெவ் சூர் லோ நகரங்களோடு சேர்ந்து, 2002க்கும் 2004க்கும் இடையில் இன்டாக் அமைப்பு முன்னின்று வீட்டு முகப்புகளைச் சீராக்கியது. உடைந்த தாழ்வாரங்களும் திண்ணைகளும் திரும்ப வந்தன. 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. பார்த்ததும் புரியும், ஒரு வீடு தனியாக நிற்பதைவிட ஒரு வரிசை சேர்ந்து நிற்பதில் இருக்கும் பலம்.

மறுபக்கமும் இருக்கிறது

இதைப் படித்துவிட்டு ஓட்டல்காரர்களுக்கு நான் விளம்பரம் செய்வதாக நினைக்க வேண்டாம். குடும்பம் இருந்த வீட்டில் ஓட்டல் வந்தால் தெருவில் ஒரு குடும்பம் குறைகிறது. பத்து ஓட்டல் வந்தால் காலையில் கோலம் போட ஆள் இல்லை, மளிகைக் கடைக்கு வேலை இல்லை. வெள்ளை நகரத்தில் சனி, ஞாயிறு மாலை நடந்து பாருங்கள். தெருவில் இருப்பவர்களில் அந்தத் தெருவில் வசிப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம்.

இன்னொன்று, தூண்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிரித்தெடுத்த செட்டிநாட்டு வீடுகளின் தூண், நிலைக்கதவு, ஜன்னல் எல்லாம் அங்கே கிடைக்கும். எங்கோ ஒரு புதுக் கட்டடத்தில் பர்மாத் தேக்குத் தூண் பளபளவென்று நின்றால், வேறெங்கோ ஒரு வீடு படுத்துவிட்டது என்று அர்த்தம். பழைய சரக்கு வைத்த புது ஓட்டலும், பழைய வீட்டிலேயே இருக்கும் ஓட்டலும் படத்தில் ஒன்று போலத்தான் இருக்கும். ஒன்று வீட்டைக் காப்பாற்றுகிறது. மற்றது இன்னொரு வீட்டை இடிக்க விலை கொடுக்கிறது.

புதிதாகக் கட்டுவதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. ஸ்ரீ விஜயபுரத்தில் மரைன் ஹில் சரிவில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1982ல் வந்த பே ஐலண்ட் ஓட்டலைப் பாருங்கள். அந்தமான் படாக் மரம், தாழ்ந்து இறங்கும் கூரை, சரிவோடு படிப்படியாக இறங்கும் திறந்த தளங்கள். பழசு மாதிரி வேஷம் போடவில்லை. தான் நிற்கும் மலைக்கும் மழைக்கும் பொருந்தி நிற்கிறது. புதுசு புதுசாகவே இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அப்போ எதை புக் பண்ணலாம்?

முன்பதிவு செய்வதற்கு முன் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள நாலு கேள்விகள்.

1. இந்த வீடு இந்த இடத்திலேயே இருந்ததா? யார் கட்டியது, முன்பு என்னவாக இருந்தது? உண்மையாகச் செப்பனிட்டவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். 'காலனி ஸ்டைல்' என்று மட்டும் பதில் வந்தால் புதுக்கட்டடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2. தூணும் கதவும் இந்த வீட்டுடையதா, வாங்கி வைத்ததா?

3. எத்தனை அறை? மத்திய சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய ஓட்டல் என்று வகைப்படுத்துவதற்கு 1950க்கு முன் கட்டிய கட்டடமாகவும் குறைந்தது ஐந்து அறையாவது உள்ளதாகவும் இருக்க வேண்டும். பழைய தமிழ் வீட்டில் முப்பது அறை இருக்கிறது என்றால், பின்னால் புதுசாக ஏதோ முளைத்திருக்கிறது.

4. முற்றம் முற்றமாக இருக்கிறதா, அல்லது நீச்சல் தொட்டியாகிவிட்டதா? தாழ்வாரம் தெருவுக்குத் திறந்திருக்கிறதா, கிராதி போட்டு அடைத்துவிட்டார்களா?

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875. 7,600 ரூபாய் அறைக்கு 8,968. நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சமாகப் பெருகுகிறது. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் சின்ன அறை, வார நாளில், தமிழ்ப் பகுதியில். கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

ஏன் தமிழ்ப் பகுதி? வெள்ளை நகரம் மோசம் என்பதால் அல்ல. அங்கே காலையில் நடப்பது சுகம், நானும் நடப்பேன். ஆனால் அந்த வீடுகளுக்கு அரசாங்கம் இருக்கிறது, ஆசிரமம் இருக்கிறது, பாரிஸ் இருக்கிறது. மேற்கே இருக்கும் வீட்டுக்குப் பதினைந்து வாரிசுகளும் ஒரு புரோக்கரும்தான் இருக்கிறார்கள். அங்கே ஒரு வீடு ஓட்டலாகி ஓடுகிறது என்று தெரிந்தால், பக்கத்து வீட்டு வாரிசுகளில் ஒருவராவது 'விற்க வேண்டாம், நாமும் செய்து பார்க்கலாமே' என்று சொல்வார். நாம் கொடுக்கும் இரண்டு ராத்திரி வாடகை அவர் வாதத்துக்குக் கொஞ்சம் பலம்.

போனால் ஒரு காலை ரங்கப்பிள்ளை தெருவுக்கு நடந்து, அந்த மாளிகை வாசலிலும் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள். ஊரில் அத்தனை சண்டைக்கும் தப்பிய வீடு. இனி அதற்கும் அதன் அண்டை வீடுகளுக்கும் பீரங்கியால் ஆபத்து இல்லை, பாகப்பிரிவினைப் பத்திரத்தால்தான்.